இருபத்தேழு டிகிரி

எங்கள் தொழிற்சாலையில் தண்ணீர் எப்போதும் இருபத்தேழு டிகிரி. வெயில் மண்டையைப் பிளந்தாலும் இருபத்தேழு, மூன்று நாள் அடைமழை கொட்டினாலும் இருபத்தேழு. பம்ப் அறை நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். நான்கு வருடமாகப் பகல் ஷிப்டு பக்கம் முழுக்க அதே எண்தான் இருக்கும். எழுதியவள் நான். எழுதியது அத்தனையும் பொய்.

வெட்கமாக இல்லையா என்று கேட்காதீர்கள். இருக்கிறது. ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது, அதனால் கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அடிப்பது மாத்திரை டப்பாக்களுக்கான மூடி. எட்டு மெஷின். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் பாயும், அச்சைச் சுற்றி ஓடும் தண்ணீர் அதை இறுக்கும், பதினெட்டு வினாடிக்கு ஒரு தடவை அச்சு திறந்து மூடிகள் விழும். சூடாகித் திரும்பும் தண்ணீரைக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற கூலிங் டவர் ஆற்றித் தரும். டவர் என்றால் பெரிய மாயமந்திரம் ஒன்றும் இல்லை. மேலிருந்து தண்ணீர் சிதறி விழும், ஒரு விசிறி காற்றை இழுக்கும், கொஞ்சம் ஆவியாகிப் போக மிச்சம் ஆறும். சூடான டீயை ஊதி ஊதிக் குடிக்கிறோமே, அதே வேலைதான். அந்த டவரும் நாலு பம்புகளும் என் பொறுப்பு. எல்லோரும் என்னைப் 'பம்ப் அக்கா' என்பார்கள், என்னைவிட வயதில் மூத்தவர்கள்கூட.

இப்போது இருக்கும் மேனேஜர் நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரம் பம்ப் அறைக்குள் நுழைந்து நோட்டைப் பார்த்தார். நான் முப்பத்து மூன்று என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு உண்மை அதுதான்.

"முப்பத்து மூணா? இது என்ன, குளிக்கிறதுக்கா வெந்நி போடுறீங்க? இனிமே இருபத்தெட்டுக்கு மேல எழுதுறவங்க அப்படியே வீட்டுக்குப் போகலாம்!"

கவனித்தீர்களா? தண்ணீரைக் குறைக்கச் சொல்லவில்லை. எழுதுவதைக் குறைக்கச் சொன்னார். மறுநாள் காலை இருபத்தேழு என்று எழுதினேன். யாரும் கத்தவில்லை. அதற்கு அடுத்த நாளும் எழுதினேன். இரவு ஷிப்டுக்காரர் என் எண்ணைப் பார்த்து அவரும் எழுதினார். ஒரு மாதத்தில் தெர்மாமீட்டரைக் குழாயில் சொருகுவதையே விட்டுவிட்டோம். என்ன வரும் என்று தெரிந்த பிறகு எதற்குச் சொருக வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், கத்தியவர் கத்தியதை மறந்துவிட்டார். எண்ணை மட்டும் நம்பிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க தண்ணி வருஷம் பூரா இருபத்தேழு சார், ஒரு டிகிரி ஏறாது" என்று பெருமையடிப்பார். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குத்தான் தெரியும், அந்தச் சோறு எப்படி இறங்கும் என்று.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆறாம் நம்பர் மெஷினில் நிற்பது என் அண்ணி.

அண்ணன் லாரியில் மாதத்துக்கு இருபது நாள் வெளியே போய்விடுவான். வீட்டில் கீழே அண்ணி, மாடியில் ஒற்றை அறையில் நான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வாய் என்னைவிடப் பத்து வயது மூத்தது. இருவரும் சண்டை போடாத நாளில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று வந்து விசாரிப்பார்கள். ஆனால் ஒன்று, வேலையில் அவள் கை சுத்தம். அச்சிலிருந்து விழும் மூடியைத் தொட்டே சரியா தப்பா சொல்லுவாள். பார்க்கவே வேண்டாம்.

எங்கள் குழாய் ஒன்றிலிருந்து ஆரம்பித்து எட்டு வரை போவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரோ ஒரு புண்ணியவான் கட்டியது, மற்ற ஏழையும் சுற்றிவிட்டு ஆறில்தான் முடிகிறது. கடைசி மெஷினுக்குத் தண்ணீர் குறைவாகவும் சூடாகவும்தான் போய்ச் சேரும். தண்ணீர் சுட்டால் மூடி இறுகாது. இறுகாமல் விழுந்தால் கோணிக்கொள்ளும். கோணிய மூடி டப்பாவில் சரியாக உட்காராது, மாத்திரை நமுத்துப் போகும், மருந்துக் கம்பெனி மூட்டையோடு திருப்பி அனுப்பும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம் அண்ணி பம்ப் அறை வாசலுக்கு வந்தாள்.

"ஏய், தண்ணி சுடுதுடி. ஹோஸைப் பிடிச்சா கை வெந்துடும் போல இருக்கு. வந்து பாரு."

நான் நோட்டைக் காட்டினேன். "இருபத்தேழுதான் அண்ணி. நீங்க மெஷின் பக்கத்துலயே நிக்கிறீங்க, அந்தச் சூடா இருக்கும்."

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். அண்ணியிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் மேனேஜர் மேஜைமேல் கையை அறைந்திருப்பாள், என் வேலை போயிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை. இதற்கு மேல் அதற்குப் பூச்சு பூச ஒன்றும் இல்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. பதினெட்டு வினாடியை இருபத்திரண்டாக ஏற்றி வைத்துக்கொண்டாள். மூடி சரியாக வந்தது. ஆனால் நாளுக்கு விழ வேண்டிய கணக்கில் குறைந்தது, முதல் மெமோ வந்தது. பதினெட்டுக்கே இறக்கினாள். மூடி கோணியது, இரண்டாவது மெமோ வந்தது. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது. இந்த வாரம் புதன்கிழமை மூன்றாவது மெமோ வந்தது. மூன்றாவது வந்தால் வேலையை விட்டு நிறுத்துவது எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா வரும்போது முடிவு என்று போட்டிருந்தது.

அதே வெள்ளிக்கிழமைதான் குளிரூட்டிக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு புது மெஷின் வாங்குகிறார்கள், இருக்கிற டவர் தாங்காது. இன்னொரு டவரா, சில்லரா, வேறு ஏதாவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நான்கு வருட நோட்டையும் எடுத்துவைக்கச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"டவரே இருபத்தேழு தருதுன்னு காட்டத்தான். எதுக்கு ஃபிரிட்ஜ் மாதிரி கரண்டைத் தின்னுற சில்லர்? அதோட தண்ணி சரியா இருக்குன்னா ஆறாம் மெஷின்ல தப்பு எங்கன்னும் தெரிஞ்சுடும்ல."

கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "சார், தண்ணி இருபத்தேழு இல்ல."

"நோட்டுல இருக்கே?"

"நோட்டுல இருக்கு சார்."

"யார் எழுதினது?"

"நான்தான்."

"அப்புறம் என்னம்மா?" என்று சிரித்துவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. இந்த ஆளை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்ள?

வியாழக்கிழமை மாலை வீட்டுக்குப் போனபோது அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஏழெட்டு மூடிகள். ஒவ்வொன்றாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோணியது ஆடும், சரியானது ஆடாது. என்னைப் பார்த்ததும் ஏதாவது குத்தலாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"என் கையில ஏதோ கோளாறுடி," என்றாள் மெதுவாக. "முன்ன மாதிரி தெரிய மாட்டேங்குது. வயசாகுது போல. டாக்டர் யாரையாவது பார்க்கணும்."

என் அண்ணி! சாமான் வாங்கப் போனால் தராசையே சந்தேகப்படுகிறவள், தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடிப்படி ஏறும்போது நான் என்னைத் திட்டிக்கொண்ட வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது.

வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கொண்டு புழுங்கியது, சட்டை முதுகில் ஒட்டியது. காலை எட்டு மணிக்குப் பழக்க தோஷத்தில் இருபத்தேழு என்று எழுதிவிட்டுத்தான் நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலுவலக அறைக்குப் போனேன். முதலாளியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது, குறைவாகப் பேசுவார், பேசும்போது எதிராளியின் கண்ணை விட மாட்டார். ஒரு பக்கம் டவர்காரர், இன்னொரு பக்கம் சில்லர் கம்பெனிப் பெண் என்ஜினியர், ஓரத்தில் தண்ணீரே ஆவியாகாமல் வெறும் காற்றாலேயே ஆற்றும் விசிறி வைத்திருக்கிறவர். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பதுபோல முதலாளியம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விசிறிக்காரரின் கதை சீக்கிரம் முடிந்தது. "வெளிக் காத்து முப்பத்தெட்டு இருந்தா உங்க தண்ணி எவ்வளவு?" என்று முதலாளியம்மா கேட்டார். "நாப்பதுக்கு மேலதான்மா, ஆனா ஒரு சொட்டு வீணாகாது" என்றார் அவர். நேர்மையான மனிதர். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மேனேஜர் என் நோட்டுகளைப் பரப்பினார். "பாருங்க மேடம். நாலு வருஷம். ஒரு நாள்கூட ஏறல. இதே டவர்ல இன்னொண்ணு போட்டா போதும்."

சில்லர் பெண் ஒரு நோட்டைப் புரட்டினாள். புருவம் லேசாக ஏறியது, ஆனாலும் வாடிக்கையாளர் வீட்டு விவகாரம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "இருபத்தேழு கிடைக்குதுன்னா எங்க சில்லருக்கு இங்க அவசரம் இல்ல மேடம்," என்று பையின் ஜிப்பை இழுத்தாள். டவர்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது.

"அப்போ அந்த மூடி விஷயம்?" என்றார் முதலாளியம்மா.

"தண்ணி சரி, மெஷின் சரி. நிக்கிறவங்க கைதான் சரியில்ல. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைதான். நாளையிலிருந்து வேற ஆள் போட்டுடலாம்."

"பொய்!" என்றேன்.

முதலாளியம்மா முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "எது பொய்?"

வாய்க்கு முன்னால் கை வேலை செய்தது. சட்டைப் பையில் நான்கு வருடமாகச் சும்மா சுமந்த தெர்மாமீட்டரை எடுத்தேன். நுனியில் என் கைக்குட்டையைச் சுற்றினேன். முதலாளியம்மாவுக்கு வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் நனைத்து, கூரை விசிறிக்கு நேர் கீழே தூக்கிப் பிடித்தேன்.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றார் மேனேஜர்.

"அஞ்சு நிமிஷம் பொறுங்க சார். நாலு வருஷம் பொறுத்தீங்க."

கை வலித்தது. பிறகு தெர்மாமீட்டரை முதலாளியம்மா முன்னால் நீட்டினேன். இருபத்தொன்பது.

"இந்த ஈரத்துணியைவிடக் குளிர்ச்சியா எந்த டவராலயும் தண்ணி தர முடியாதும்மா. காத்துல ஈரத்தை ஆற வச்சுத்தான் அது வேலை செய்யுது. நான் சொல்ல வேணாம், இவரைக் கேளுங்க."

டவர்காரர் தலையைச் சொறிந்தார். "அது வந்து... இயற்கைங்க. துணி காட்டுறதைவிட மூணு நாலு டிகிரி மேலதான் எங்களால முடியும்."

"அப்போ இன்னைக்கு?"

"முப்பத்து ரெண்டு, முப்பத்து மூணு."

முதலாளியம்மா கடைசி நோட்டைத் திறந்து அன்றைய பக்கத்தில் விரலை வைத்தார். "காலைல எட்டு மணி, இருபத்தேழு. யார் எழுதினது?"

"நான்தாம்மா. பகல் பக்கம் எல்லாமே நான்தான். இருபத்தெட்டுக்கு மேல எழுதினா வீட்டுக்குப் போகணும்னு சொன்னாங்க, எழுதினேன்."

"யார் சொன்னது?"

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்தால், அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சத்தியம் செய்வேன். ஆனாலும் சுதாரித்துக்கொண்டார். "மேடம், நாலு வருஷமா பொய் எழுதினவங்க பேச்சை இன்னைக்கு மட்டும் எப்படி நம்புறது?"

நியாயமான கேள்வி. அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"என்னை யார் நம்பச் சொன்னா? தெர்மாமீட்டரை நம்புங்க. எல்லாரும் எழுந்து வாங்க, ஆறாம் மெஷினுக்கு!"

வந்தார்கள். சில்லர் பெண் தன் பையிலிருந்து தன்னுடைய தெர்மாமீட்டரை எடுத்தாள், என்னுடையதை நம்பவில்லை, கெட்டிக்காரி. அண்ணி மெஷின் பக்கத்தில் கையுறையோடு நின்றாள், வேலையை விட்டு நிறுத்தத்தான் கூட்டமாக வருகிறார்கள் என்று நினைத்து நிமிர்ந்து நின்றாள். அச்சுக்குள் போகிற தண்ணீரைச் சில்லர் பெண் அளந்தாள்.

"முப்பத்தஞ்சு," என்றாள். "இந்தத் தண்ணில பதினெட்டு வினாடிக்கு யார் நின்னாலும் மூடி கோணத்தான் செய்யும்."

"நோட்டுல இருபத்தேழுன்னு..." என்று ஆரம்பித்த அண்ணி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முழுவதும் புரிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

முதலாளியம்மா என்னிடம் கேட்டார். "நீ சொல்லு. எதை வாங்கணும்?"

"அச்சுக்கு மட்டும் சில்லர் போடுங்கம்மா, பதினஞ்சு டிகிரில தண்ணி வரும். மெஷினை ஓட்டுற ஆயிலும் சூடாகுது, அதை ஆத்துறதுக்கு முப்பத்தஞ்சு வந்தாக்கூடப் போதும், அதுக்கு இந்தப் பழைய டவரே தாராளம், புது மெஷினையும் சேர்த்து. எல்லாத்துக்கும் சில்லர் போட்டா கரண்ட் தின்னுடும். எல்லாத்துக்கும் டவர் போட்டா ஆறாம் மெஷின்ல மூடி கோணிக்கிட்டேதான் இருக்கும்."

சில்லர் பெண் தலையசைத்தாள். பாவம், டவர்காரரும் தலையசைத்தார். "அதையே பண்ணுங்க," என்றார் முதலாளியம்மா. வந்து சேர ஆறு வாரமாகும் என்றார்கள்.

அதோடு முடிந்ததா? முடியுமா? அரை மணி நேரத்தில் மேனேஜர் ஒரு தாளோடு பம்ப் அறைக்கு வந்தார். மேலாளருக்குத் தெரியாமல், என் சுய விருப்பத்தின் பேரில் தவறான அளவுகளை எழுதினேன் என்று தட்டச்சு செய்திருந்தது. "கையெழுத்துப் போட்டா பத்து நாள் சஸ்பென்ஷனோட போயிடும். இல்லன்னா வேலையே போயிடும். யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சு சார். நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். ரெண்டு வரியும் இருந்தா போடுறேன். ஒரு வரிக்கு என் கையெழுத்து கிடையாது."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற."

"நாலு வருஷம் ஊதாம வச்சிருந்ததுதான் சார் தப்பு."

அவர் தாளை மடித்துக்கொண்டு, சொல்லி அனுப்பும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார். சாவிக் கொத்தை மேஜைமேல் வைத்தேன். பயமாக இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

வெளியே வந்தபோது ஆறாம் மெஷின் முன்னால் அவரே நின்று அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தார். "மூணாவது மெமோவைக் கேன்சல் பண்ணிட்டோம்மா. மனிதாபிமான அடிப்படையில. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

"என்ன அடிப்படை?" என்றாள் அண்ணி.

"மனிதாபிமான..."

"அதை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு யாரும் இரக்கப்பட வேணாம். தண்ணி தப்பு, கை தப்பில்லன்னு எழுதி, மூணு மெமோ ஒட்டின அதே போர்டுல ஒட்டுங்க. எழுதினதைப் பார்த்துட்டுத்தான் இந்த மெஷினைத் தொடுவேன்."

சொல்லிவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் நின்றது. பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்தாம் மெஷினும் நின்றது. அது தானாக நிற்கவில்லை. அண்ணி கையுறையைக் கழற்றி மெஷின்மேல் போட்டுவிட்டு நேராக வாசலைப் பார்த்து நடந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் கேட்டுக்கு வெளியே அவளைப் பிடித்தேன். "அண்ணி! பிரமாதம் அண்ணி!"

அவள் திரும்பினாள். நான் அவளை எத்தனையோ கோபத்தில் பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷம்டி. என் கையை நானே நம்பாம ரெண்டு வருஷம். குழம்புக்கு உப்பு போடும்போதுகூட சரியாத்தான் போடுறேனான்னு யோசிச்சேன். நீ எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டியேடி!"

"தப்புதான் அண்ணி."

"அவன் மேனேஜர். அவன் மெமோதான் குடுத்தான். நீ என் வீட்டுல இருந்துக்கிட்டு..." குரல் உடைந்தது. சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குப் பேசினதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காத. மன்னிக்கல."

"வேணாம் அண்ணி. மன்னிக்க வேணாம்."

"கூட வராத. தனியா நட."

சாலையைக் கடந்து அந்தப் பக்க நடைபாதைக்குப் போய்விட்டாள். வீடு இருபது நிமிட நடை. அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன. நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள், என்னை முந்த விடவில்லை. முதல் திருப்பத்தில் தூறல் விழுந்தது. குடை அவளிடம்தான் இருந்தது, விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நான் நனைந்துகொண்டே நடந்தேன், அவள் கூப்பிடாததில் அவளுக்கு இருந்த நியாயத்தை நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.